பள்ளிக்கூடம் போன அம்மிக்குழவிகள்

எட்டாம் வகுப்பு வாங்கில் பிள்ளைகள் இருக்கவில்லை. குழவிகள் இருந்தன.

நீளமான வாங்கு. அதன் மேல் வரிசையாக, குளித்து முழுகி வெயிலில் காய்ந்த கருங்கல் குழவிகள். அம்மியில் கறிச்சரக்கு அரைக்கிற குழவிகளைத்தான் சொல்கிறேன். நாங்கள் கீழே நிலத்தில் சம்மணம் கட்டியிருந்தோம். வாசலில் எங்கள் தாய்மார் நின்றார்கள். அவர்களுடைய முகங்களைப் பார்த்தபோது, அம்மி கிடைத்தால் முதலில் எங்களைத்தான் அரைப்பார்கள் என்று எனக்குப் பட்டது.

வாத்தியார் ஒருவர்தான் சிரித்த முகத்தோடு நின்றார். பாவம், அவருக்கு அப்போது கலியாணம் ஆகவில்லை. சமைக்கிற நேரத்தில் ஒரு வீட்டில் குழவி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

ஊர் முழுக்க ஒரே கல்

போன கிழமை புகையிலைக் கதை எழுதினேன். வாசித்துவிட்டுத் தும்மியதாக ஒருவர் சொல்லியனுப்பியிருந்தார். இந்தக் கிழமை கல். பல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை, பல் போய்க் கனகாலம்.

எங்கள் ஊர் சண்டிலிப்பாய்க்கும் பண்டத்தரிப்புக்கும் இடையில் இருந்தது. மேலே ஒரு முழம் செம்மண், அதற்குக் கீழே வெள்ளைக் கல். தோட்டம் கொத்தினால் கல். கிணறு வெட்டினால் கல். ஐயா கிணறு ஆழமாக்கிய வருஷம் அலவாங்குக் கம்பி விழுகிற சத்தம் கேட்டுக் கேட்டு, அது நின்ற அன்றைக்கு எங்களுக்கு நித்திரை வரவில்லை. வெட்டியெடுத்த கல்லை வேலியோரம் குவித்தோம். கொஞ்சத்தைச் சூளைக்காரர் கொண்டுபோய்ச் சுட்டு, சுண்ணாம்பாக்கித் திரும்ப எங்களுக்கே விற்றார்கள். வெற்றிலையோடு சேர்த்துத் தின்றோம். சொந்தக் காணியைச் சப்பித் துப்புகிற சனம் வேறெங்கும் இருக்கிறதோ தெரியாது.

அப்படிப்பட்ட ஊருக்குத்தான் கந்தவனம் வாத்தியார் புதிதாக வந்தார். மெலிந்த மனிதர். சால்வை ஒரு தோளில் நிற்காது. வந்த கிழமையே, "ஒவ்வொருத்தரும் ஒரு கல்லுக் கொண்டு வாங்கோ. வெவ்வேறை கல்லாய் இருக்கவேணும்" என்றார்.

கொண்டுபோனோம். வாத்தியாரின் மேசையில் வைத்தோம். எல்லாம் ஒரே வெள்ளைக் கல்.

"என்னடாப்பா, எல்லாரும் ஒரு வீட்டிலையோ இருக்கிறியள்?" என்று கேட்டார்.

ஆனாலும் அவர் விட்டுவிடவில்லை. ஒரு கல்லை ஆணியால் கீறினார். கோடு விழுந்தது. அந்தக் கோட்டின் மேல் தேசிக்காயை வெட்டிப் புளியைப் பிழிந்தார். சின்னச் சின்னக் குமிழாக நுரைத்தது. பின்வரிசைப் பெடியன் ஒருவன், "வாத்தியார், கல்லுக்கு வலிப்பு" என்று கத்தினான். வாத்தியாரும் சிரித்தார். பிறகு கல்லுக்குள் பதிந்திருந்த சிப்பியைக் காட்டி, "முந்தி இஞ்சை கடல் கிடந்தது" என்றார்.

நான் அதை வீட்டில் வந்து சொன்னேன். அம்மா உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தார். "கடல் கிடந்ததெண்டால் மீன்காரன் ஏன் இவ்வளவு தூரம் நடந்து வாறான்?" என்று கேட்டார்.

ஓ கல்லே!

கல்லைப் பார்ப்பது பாதி வேலைதான். அதை எழுதவேண்டும் என்றார் வாத்தியார். எங்களுக்குச் சந்தோஷம். கட்டுரை எழுதுவதில் எங்கள் வகுப்பு பேர் பெற்ற வகுப்பு. முந்திய வாத்தியார் அப்படிப் பழக்கியிருந்தார். பசுவைப் பற்றி எழுதச் சொன்னால் முதலில் கடவுள் வருவார், பிறகு மழை வரும், பசு வருவதற்குள் கடதாசி முடிந்துவிடும்.

அதில் முதலாம் ஆள் பூமணி. அடுத்த வளவுத் தங்கம் மாமியின் மகள். அவள் எழுந்து நின்று வாசித்தாள்: "ஓ கல்லே! நீ மௌனத்தின் மகனோ! பொறுமையின் தந்தையோ!"

வாத்தியார் முழுவதையும் கேட்டார். பிறகு அவளுடைய கல்லை எடுத்து மற்றக் கற்களோடு கலந்துவிட்டு, "நல்லாய் இருக்கு, பிள்ளை. இப்ப அந்தக் கடதாசியைப் பாத்து உன்ரை கல்லை எடு" என்றார்.

பூமணி தேடினாள். மௌனத்தின் மகன் எல்லாக் கல்லும்தான்.

அன்றைக்கு ஒரு சட்டம் போட்டார். கண் கண்டதை எழுதவேண்டும், கை தொட்டதை எழுதவேண்டும். கல்லில் இல்லாததை எழுதக்கூடாது. ஊகித்து எழுதினால், எதைப் பார்த்து ஊகித்தாய் என்றும் எழுதவேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசித்து, கேளாமல் பறையாமல் அந்தக் கல்லை எடுக்கவேண்டும். எடுக்க முடியாவிட்டால் பிழை எடுத்தவரில் இல்லை, எழுதியவரில்.

இந்தச் சட்டம் எனக்கு நல்லாய்ப் பிடித்தது. எனக்கு மௌனம், பொறுமை எல்லாம் எழுத வராது. கறுப்பு, வெள்ளை, பெரிசு, சின்னன் வரும்.

என் படிப்பின் கெதி

எட்டாம் வகுப்பில் இருந்துகொண்டு இவ்வளவுதான் எழுதத் தெரியுமோ என்று கேட்பீர்கள். புகையிலை நடுகிற காலத்தில் நான் தோட்டத்தில், வெட்டுகிற காலத்திலும் தோட்டத்தில். இடையில் நேரம் கிடைத்தால் பள்ளிக்கூடம். வாத்திமார் என்னோடு மினக்கெட்டுக் களைத்து ஒவ்வொரு வகுப்பாக ஏற்றிவிட்டார்கள்.

அந்த வருஷம்தான் எனக்கு எழுத்துக் கூட்டாமல் வாசிக்க வந்தது. கடையில் சாமான் சுற்றித் தருகிற கடதாசியைக் கூட விடமாட்டேன். சீனியைக் கொட்டிவிட்டு வாசிப்பேன். யாரோ ஒருத்தி கிணற்றடிக்கு ஓடுவாள், அந்த இடத்தில் கடதாசி கிழிந்திருக்கும். அவள் என்ன ஆனாள் என்று தெரியாமல் இரண்டு நாள் சோறு இறங்காது.

ஆனால் என் படிப்பு இன்றைக்கோ நாளைக்கோ என்றுதான் இருந்தது. அக்கா பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தாள். வீட்டில் கைக்கு ஆள் தேவை. மருதனார்மடத்து மாமா, அம்மாவின் தமையன், வருகிற போகிற நேரமெல்லாம் "பெட்டைக்குப் படிச்சது காணும்" என்று சொல்லிவிட்டுப் போவார். ஐயா ஒன்றும் கதைக்கமாட்டார். முடிவு அம்மாவின் கையில்.

அம்மா எனக்கு ஒரு தவணை தந்திருந்தார்.

"தை பிறக்கும் மட்டும் போ. ஆனா பள்ளிக்கூடத்தாலை ஒரு சின்ன வில்லங்கம் வந்துதோ, அண்டைக்கே உன்ரை சிலேற்றைக் கூரை இறவாணத்திலை செருகிப்போடுவன். பிறகு அழக்கூடாது."

"ஓமம்மா" என்றேன். வில்லங்கத்துக்கும் எனக்கும் அப்போது என்ன சம்பந்தம்?

கருங்கல் வேட்டை

வெள்ளைக் கல் பாடம் முடிந்தது. "இனி இதிலை இல்லாத ஒரு கல்லுக் கொண்டு வாங்கோ. நுரைக்காத கல்லு" என்றார் வாத்தியார்.

எங்கள் ஊரில் நுரைக்காத கல்லுக்கு எங்கே போவது? கோயிலில் இருந்தது, அதைக் கேட்கப் பயம். மற்றது, கடலுக்கு அக்கரையிலிருந்து தோணியில் வந்து, சீதனத்தோடு சீதனமாக வீட்டுக்கு வீடு கிடந்தது. அம்மியைத் தூக்க ஏலாது. குழவியைத் தூக்கலாம்.

பூமணிதான் முதலில் சொன்னாள். ஒருத்தி சொன்னதும் எல்லாருக்கும் அதே யோசனை. காலமையில் இடியப்பத்துக்குச் சம்பல் அரைத்து முடிந்த கையோடு நான் குழவியைப் பழைய சீலையில் சுற்றிப் பனையோலைக் கடகத்தில் வைத்து, மேலே சிலேற்றை வைத்துக்கொண்டு போனேன். மத்தியானத்துக்கு முன் கொண்டுவந்து வைத்துவிடலாம் என்பது கணக்கு. அன்றைக்கு மாமா சாப்பிட வருகிறார் என்பது எனக்குத் தெரியாது. என் படிப்பைப் பற்றிப் பேசி முடிக்கத்தான் வருகிறார் என்பதும் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் பார்த்தால் பெட்டைகள் எல்லாரிடமும் குழவி. பெடியன்களிலும் இரண்டு பேர் கொண்டுவந்திருந்தார்கள். வாத்தியாருக்குப் புளுகம் தாங்கவில்லை, முகமெல்லாம் சிரிப்பு.

"ஆனா நிறம் தெரியேல்லையே" என்றார்.

எப்படித் தெரியும்? ஒவ்வொரு குழவியிலும் எத்தனை வருஷத்து மஞ்சளும் மிளகாயும் ஊறியிருக்கும். அது ஒரு போர்வை. அந்தப் போர்வையோடுதான் எங்களுக்குக் குழவியைத் தெரியும்.

"கழுவுங்கோ" என்றார் வாத்தியார்.

கிணற்றடியில் வைத்துச் சாம்பலும் தும்பும் போட்டு உரஞ்சினோம். மஞ்சள் தண்ணீர் ஓடியது, பிறகு சிவப்பு, பிறகு என்னவென்று சொல்லத்தெரியாத ஒரு நிறம். பள்ளிக்கூடத்து வாழைக்கு அன்றைக்கு ரசம். எங்களுடைய கை எரிந்தது, கண் எரிந்தது. மூக்குத் துடைத்தவர்களுக்கு மூக்கும் எரிந்தது. கடைசியில் குழவிகள் வெயிலில் காய்ந்து, வாங்கில் ஏறின. கறுப்புக்குள்ளே வெள்ளைப் புள்ளி, இடையிடையே மினுக்கம். இவ்வளவு வடிவான கல்லில்தானா கொத்தமல்லி அரைத்தோம் என்று வெட்கமாக இருந்தது.

தேசிக்காய் பிழிந்தோம். நுரைக்கவில்லை. ஆணியால் கீறினோம். ஆணிதான் தேய்ந்தது.

பிறகு ஆளுக்கொரு கடதாசியில் அவரவர் குழவியைப் பற்றி எழுதினோம். நான் எழுதி முடித்தபோது வாத்தியார் எட்டிப் பார்த்தார். கடைசி வரியில் விரலை வைத்து, "இது உனக்கு எப்பிடித் தெரியும்? அதையும் எழுது" என்றார். எழுதினேன்.

இனிக் கடதாசிகளை மாற்றிக் கல்லை எடுக்கவேண்டியதுதான். அதற்குள் வாசலில் சத்தம் கேட்டது.

தாய்மார் வந்தார்கள்

முன்னுக்குத் தங்கம் மாமி. அவருக்குப் பின்னால் என் அம்மா. அதற்குப் பின்னால் ஊர்.

"எங்கை அந்த வாத்தியார்?" என்றார் மாமி. "அடுப்பிலை உலை கொதிக்குது. அம்மியடிக்குப் போனால் குழவியைக் காணேல்லை. கள்ளன் வந்தானோ எண்டு வீட்டுக் கோடியெல்லாம் தேடினன். பாத்தால் இஞ்சை கொலு வைச்சிருக்கு!"

"அம்மா, பாடத்துக்குத்தான்..." என்று தொடங்கினார் வாத்தியார்.

"குழவிக்கு என்ன பாடம், தம்பி? எட்டாம் வகுப்பிலையோ விட்டிருக்கிறியள்?"

வாத்தியார் கை கூப்பி மன்னிப்புக் கேட்டார். "எடுத்துக்கொண்டு போங்கோ, அம்மா. உங்கடை உங்கடை குழவியை எடுங்கோ."

அங்கேதான் சிக்கல். தாய்மார் வாங்கடிக்கு வந்தார்கள், நின்றார்கள். ஒருவருக்கும் தன்னுடைய குழவியைத் தெரியவில்லை. ஒரு மாமி ஒன்றை எடுத்து மணந்து பார்த்தார். சாம்பல் மணந்தது. இன்னொருவர், "என்ரை குழவி மஞ்சளடி, இப்பிடிக் கறுப்பில்லை" என்று கண் கலங்கினார்.

சின்னன் பெரிசு பார்த்துச் சிலர் எடுத்துவிட்டார்கள். கடைசியில் எங்கள் அம்மாவும் தங்கம் மாமியும் நிற்க, இரண்டு குழவிகள் மிஞ்சின. ஒன்று நேராக, உருண்டு திரண்டு, மாப்பிள்ளை மாதிரி. மற்றது நுனி உடைந்தது.

அம்மா மாப்பிள்ளையை எடுத்துவிட்டார்.

"மச்சாள், அது என்ரை" என்றார் தங்கம் மாமி.

"ஆர் சொன்னது? என்ரை கைக்குத் தெரியாதோ?"

"உன்ரை கைக்கு நல்லதெல்லாம் தெரியும். வை கீழை."

"நீ என்னைக் கள்ளி எண்டுறியோ?"

அம்மா தெரியாமல்தான் எடுத்தார் என்று நான் இன்றுவரை சொல்லி வருகிறேன். கேட்கிறவர்கள் சிரித்தால் அது அவர்களுடைய பிழை.

வாத்தியார் நடுவில் வந்தார். "கொஞ்சம் பொறுங்கோ. பிள்ளையள் எழுதி வைச்சிருக்கினம். வாசிச்சால் தெரியும். பூமணி, வாசி பிள்ளை."

பூமணி எழுந்தாள். வாத்தியாருடைய சட்டம் அவளுடைய காதில் ஏறவே இல்லை. "இருள் திரண்டு உருண்டதோ! அன்னையர் கரங்களின் ஆபரணமோ!" என்று தொடங்கினாள்.

தங்கம் மாமிக்குப் பெருமை. "கேட்டியளோ என்ரை பிள்ளையின்ரை தமிழை!" என்றார். பிறகு, "அதுசரி, எடியே, உதிலை எது நீ சொல்லுற ஆபரணம்?" என்று கேட்டார்.

பூமணி இரண்டு குழவியையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுதுவிட்டாள்.

"அன்னம், நீ வாசி" என்றார் வாத்தியார்.

நான் எழுந்தேன். அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சிலேற்றும் தெரிந்தது, இறவாணமும் தெரிந்தது. வேறு எதையாவது மாற்றி வாசித்திருக்கலாமே என்று பிறகு பலர் கேட்டார்கள். நின்ற நிலையில் மாற்றி வாசிக்க எனக்கு அவ்வளவு படிப்பு இருந்ததோ? எழுதியதை வாசிக்கவே மூச்சு வாங்கியது.

"இது எங்கள் வீட்டுக் குழவி. கறுப்பு. கறுப்புக்குள் உப்புப் போட்டதுபோல் வெள்ளை. ஒரு நுனி மொட்டை. மற்ற நுனியில் ஒரு துண்டு போய்விட்டது. அந்த இடத்தில் என் சின்னவிரல் நகம் போகும். உருட்டினால் நேரே போகாது. இடப்பக்கம் திரும்பும்..."

பின்வரிசைப் பெடியன் ஒருவன் பாய்ந்து உடைந்த குழவியை எடுத்து நிலத்தில் உருட்டிவிட்டான். அது கொஞ்சத் தூரம் நேரே போனது. பிறகு, வீட்டுக்கு வழி தெரிந்த மாடுபோல, இடப்பக்கம் திரும்பி, அம்மாவின் காலடியில் போய் நின்றது.

வகுப்பு சிரித்தது. வாசல் சிரித்தது. "உன்ரை பெட்டையே சொல்லிப்போட்டாள், மச்சாள்!" என்றார் தங்கம் மாமி. என் கடதாசியில் இன்னும் இரண்டு வரி இருந்தது. அதை ஒருவரும் கேட்கவில்லை.

அம்மா மாப்பிள்ளையை வாங்கில் வைத்தார். குனிந்து உடைந்ததை எடுத்தார். "வா" என்றார் என்னிடம். அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போகிற ஒழுங்கை

அம்மா முன்னுக்கு, இடுப்பில் குழவி. நான் பின்னுக்கு, தலையில் சிலேற்று மட்டும் உள்ள கடகம். ஒழுங்கை முழுக்க அம்மா ஏசவில்லை. ஏசினால் எனக்கு மறுமொழி சொல்லத் தெரியும். ஏசாத அம்மாவை எனக்குப் பழக்கமில்லை.

வீட்டு முற்றத்தில் மாமா கதிரை போட்டு இருந்தார். "என்ன தங்கச்சி, இன்னும் சமைக்கேல்லையோ?" என்றார். அம்மா குசினிக்குப் போய்விட்டார். நான் சிலேற்றை எடுத்துக்கொண்டுபோய் அம்மாவின் பக்கத்தில் வைத்தேன். செருகுகிறதென்றால் செருகட்டும்.

அம்மா அம்மிக்கு முன்னால் இருந்து, செத்தல் மிளகாயை வைத்து, இரண்டு தரம் இழுத்தார். நிறுத்தினார்.

"அந்தக் கடதாசி எங்கை?"

இடுப்பில் செருகியிருந்ததை எடுத்து நீட்டினேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. கையில் வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே தந்தார்.

"வாசி."

"வாசிச்சதுதானே, அம்மா."

"அங்கை நிண்டு சிரிச்சவைக்கு வாசிச்சனீ. இப்ப எனக்கு வாசி."

முதலிலிருந்து வாசித்தேன். கறுப்பு, உப்பு, மொட்டை நுனி, உடைந்த நுனி, இடப்பக்கம். பிறகு ஒருவரும் கேட்காத அந்த இரண்டு வரி.

"மொட்டை நுனிக்குக் கிட்ட ஓர் இடம் வழுவழுப்பு. அது அம்மாவின் பெருவிரல் இருக்கிற இடம். எப்படித் தெரியும் என்றால், அதில் என் பெருவிரலை வைத்துப் பார்த்தேன். பக்கத்தில் இடம் மிச்சம் இருந்தது."

அம்மா குழவியைப் பார்த்தார். பெருவிரல் தன்பாட்டில் அந்த இடத்தில்தான் இருந்தது. விரலை எடுத்துப் பார்த்தார். திரும்ப வைத்தார்.

"இது என்ரை விரலாலை மட்டும் தேய்ஞ்சதில்லை" என்றார். "என்ரை அம்மாவும் இதிலைதான் அரைச்சவ. உன்ரை வாத்தியாருக்கு அது தெரியுமோ?"

"அது கல்லிலை தெரியேல்லை, அம்மா. கல்லிலை இல்லாததை எழுதக்கூடாதாம்."

அம்மா சிரித்தாரோ, மிளகாய்க்கு இருமினாரோ தெரியவில்லை. தண்ணீர் தெளித்து அரைக்கத் தொடங்கினார். கழுவிய குழவியில் பழைய மணம் இல்லாமல் போயிருந்தது. அன்றைக்குச் சம்பல் ருசிக்கவில்லை என்று ஐயாவே வாய் திறந்து சொன்னார் என்றால் பாருங்கள்.

மாமா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து கேட்டார். "அப்ப என்ன தங்கச்சி, பெட்டையின்ரை பள்ளிக்கூடம் என்ன மாதிரி? நாளையோடை நிப்பாட்டுவமோ?"

அம்மா வெற்றிலைத் தட்டத்தை அவருக்கு முன்னால் வைத்தார்.

"தைக்கு நிப்பாட்டுறதெண்டு இருந்தனான், அண்ணை. இப்ப அடுத்த வருஷத்துப் புகையிலை நடுகை மட்டும் போகட்டும்."

"ஏன்? இண்டைக்கு ஊரெல்லாம் சிரிச்சதாமே?"

"சிரிச்சவை ஒருத்தருக்கும் தன்ரை குழவியைத் தெரியேல்லை" என்றார் அம்மா. "இவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

மாமா சுண்ணாம்பைத் தடவி வெற்றிலையை மடித்து வாயில் போட்டார்.

அதற்குப் பிறகு நடுகைக் காலம் வந்தது, நான் தோட்டத்துக்குப் போனேன், என் படிப்பு அத்தோடு சரி. ஆனால் அதற்குள் கிழிந்த கடதாசியையும் கிழியாத கடதாசியையும் வாசிக்கப் பழகிவிட்டேன். கந்தவனம் வாத்தியாருக்குக் "கல்லு வாத்தியார்" என்ற பேர் கடைசிவரை போகவில்லை. தங்கம் மாமிக்கு அவரைக் கண்டால் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிற பழக்கமும் போகவில்லை.

குழவி வீட்டுக்குத் திரும்பிய மறுநாள் காலை நான் கடகத்தை எடுத்துத் தலையில் வைத்துப் படலையைத் திறந்தேன். அம்மா குசினி வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளை."

"என்னம்மா?"

"அம்மியைக் கொண்டு போயிடாதை. குழவியெண்டபடியால் இடுப்பிலை வைச்சுக்கொண்டு வந்தன்."